கலியாணப் பரிசுக்கு ஒற்றைத்துணிக் குவில்ற்: அப்பம்மாவின்ர வெள்ளைச் சீலையை உள்ளுக்கு வைக்கலாமோ?

கொக்குவில் மாமி (யூன் 14)

அண்ணாவின்ர மகளுக்கு வாற வருசம் ஓகஸ்ற்றில ரொறன்ரோவில கலியாணம். நகை விசயம் அம்மா பாத்துக்கொள்ளுவா. நான் என்ர கையால ஒரு ஒற்றைத்துணிக் குவில்ற், அதாவது கட்டிலுக்குப் போடுற ஒரு போர்வை, தைச்சு அனுப்பப் போறன். துண்டு துண்டாய் வெட்டிப் பொருத்துற வேலை இதில இல்லை. மேலுக்கு ஒரு துணி, கீழுக்கு ஒரு துணி, நடுவில மெத்தெண்டு ஒரு அடுக்கு. எல்லாத்தையும் சேத்து ஊடுருவி ஓடுதையல் போட்டால், தையல் விழுற இடம் பள்ளமாகி மற்ற இடம் புடைச்சு நிக்கும். அந்த மேடும் பள்ளமும்தான் கோலம். அளவு 72க்கு 90 அங்குலம். மேல்துணி சந்தன நிறம், கீழ்த்துணி அரக்கு.

கேள்வி நடு அடுக்கைப் பற்றி. அப்பம்மாவின்ர இரண்டு நூல் சீலை என்ர அலுமாரியில கிடக்கு. இரண்டும் வெள்ளை. அப்பப்பா செத்த நாளில இருந்து அவ வேற நிறம் கட்டேல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது அவவின்ர பையில இருந்தது காணி உறுதியும் இந்த இரண்டு சீலையும்தான். நாவற்குழிப் பாலத்தில சனத்துக்குள்ள அடி எடுத்து வைக்க இடமில்லை. மழை வேற. எனக்கு அப்ப 15 வயசு. கொடிகாமத்தில ஒரு பள்ளிக்கூட விறாந்தையில, நனையாமல் இருந்த சீலையை விரிச்சு என்னையும் அண்ணாவையும் தம்பியையும் போர்த்திவிட்டவ.

தோய்ச்சுத் தோய்ச்சு இப்ப அது பூ மாதிரி இருக்கு. ஊசி தானாய்ப் போகும். இதை நடுவில வைச்சுத் தைக்க எனக்கு ஆசை. ஆனா கலியாணப் பிள்ளைக்குக் குடுக்கிற சாமான். தெரிஞ்ச ஆக்கள் மனசில இருக்கிறதை அப்பிடியே சொல்லுங்கோ.

வடமராட்சி அன்ரி (யூன் 14)

பிள்ளை, கேட்டபடியால் சொல்லுறன், குறை நினையாதையும். கலியாண வீட்டுக்கு அவிச்ச முட்டை கொண்டு போகக்கூட யோசிக்கிற ஊர் எங்கட ஊர். தாலி கட்டப்போற பிள்ளையின்ர கட்டிலில, புருசன் செத்தபிறகு உடுத்த வெள்ளைச் சீலையைப் போடுறதோ? அப்பம்மாவில எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தச் சீலையைப் பெட்டிக்குள்ள பத்திரமாய் வையும். குவில்ற்றுக்குப் புதுப் பஞ்சு வாங்கும். நாளைக்கு அந்தப் பிள்ளைக்குத் தலையிடி வந்தாலும் பெரியாக்கள் இந்தச் சீலையைத்தான் சொல்லுவினம். அந்தப் பழி உமக்கு வேண்டாம்.

லண்டன் பேத்தி (யூன் 15)

அன்ரி சொல்லுற பயம் எனக்கு விளங்குது. ஆனா சீலை அவ விரும்பி எடுத்த நிறமில்லை, ஊர் உடுத்திவிட்ட நிறம். அதை இன்னொருக்காத் தண்டிக்கிற மாதிரித்தான் எனக்குப் படுது, உள்ளுக்குக்கூட வைக்கக்கூடாது எண்டு சொல்லேக்க.

பழஞ்சீலையை நடுவில வைக்கிறது புதுசும் இல்லை. வங்காளத்தில காந்தா எண்டு சொல்லுறது இதுதான். நைந்த சீலைகளை அடுக்கி ஓடுதையல் போடுவினம். அந்தச் சீலைக் கரையில இருந்து உருவின நிற நூலாலயே பூவும் மீனும் தைப்பினம். பிறக்கப்போற குழந்தைக்கும் தைப்பினம், கலியாணத்துக்கும் தைப்பினம்.

வெள்ளைத் துணியில வெறும் தையலாலேயே கதை சொன்ன வேலையும் உண்டு. இஞ்ச விக்ரோரியா அன்ட் அல்பேட் மியூசியத்தில, 1360க்கும் 1400க்கும் இடையில சிசிலியில செய்த ஒரு லினன் குவில்ற் இருக்கு. திரிஸ்தான் எண்ட வீரன்ர கதை. உருவங்களைத் தையலால வரைஞ்சு, பின்பக்கத்தால பஞ்சு அடைஞ்சு புடைக்கப் பண்ணியிருக்கினம்.

மனையியல் ரீச்சர் (யூன் 15)

சகுனத்தைப் பற்றி நான் முடிவு சொல்லமாட்டன். அது உங்கட வீட்டுப் பெரியாக்கள் சொல்லவேண்டியது. முதலில பெண்ணின்ர தாய் தகப்பனிட்ட மறைக்காமல் கேளுங்கோ. மறைச்சு வைச்சுத் தைச்சால் அது பரிசு இல்லை.

துணியைப் பற்றிச் சொல்லுறன். ஆறு யார் சீலை எண்டால் 216 அங்குலம். 72 அங்குலமாய் மூன்றாய் வெட்டலாம். அகலம் 46 அங்குலம் வரும். இரண்டு சீலையில ஆறு துண்டு. இரண்டு துண்டைப் பக்கத்தில பக்கத்தில வைச்சால் ஒரு அடுக்கு. அப்ப இரண்டு சீலையும் சேர்ந்து மூன்று அடுக்குச் சரியாய் வரும், மிச்சமே இராது.

பொருத்தேக்க ஒன்றின் மேல் ஒன்று ஏத்தித் தைக்கவேண்டாம். கரையைக் கரையோட முட்ட வைச்சு மெல்லிசாய்ச் சுத்தித் தையுங்கோ. ஏத்தித் தைச்சால் மேல்துணியில ஒரு வரம்பு மாதிரித் தெரியும். ஒற்றைத்துணியில அதை ஒளிக்க ஒரு இடமும் இல்லை. மூன்று அடுக்கின்ர பொருத்தும் ஒரே இடத்தில விழவும் கூடாது. நடு அடுக்கில ஒரு துண்டை நீளவாக்கில பாதியாய்ப் பிளந்து, முழுத்துண்டின்ர இரண்டு பக்கமும் போடுங்கோ. 23, 46, 23. பொருத்து விலகிப் போயிரும்.

அரக்குத் துணியைக் கட்டாயம் சோதியுங்கோ. ஒரு மூலையை நனைச்சு வெள்ளைத்துணியில அழுத்திப் பாருங்கோ. சிவப்பு விட்டால் முதல் தோய்ப்பிலேயே சந்தனம் முழுக்கக் கறையாகும்.

சாவகச்சேரி தம்பி (யூன் 16)

அம்மா கேக்கச் சொன்னா: இலவம் பஞ்சு வைச்சால் என்ன? எங்கட வளவில மரம் நிக்குது. தலையணை எல்லாம் அதுதானே.

மனையியல் ரீச்சர் (யூன் 16)

தலையணைக்கு அருமையான பஞ்சு தம்பி. குவில்ற்றுக்குச் சரிவராது. இலவம் இழை வழுவழுப்பு, மெழுகு பூசின மாதிரி. ஒண்டை ஒண்டு பிடிக்காது. தலையணைக்குள்ள அமத்தி அடைச்சால் நிக்கும். மெல்லிசாய்ப் பரப்பித் தைச்சால் நகர்ந்து ஒரு மூலைக்குப் போகும், தோய்ச்சால் கட்டி பிடிக்கும். ஊசி ஓட்டையால வெளியிலயும் வரும்.

ரொறன்ரோ அக்கா (யூன் 17)

குளிர் எண்டு பயந்து மொத்தமாய்ச் செய்யாதையும் தங்கச்சி. வெளியில மைனஸ் 20 எண்டாலும் வீட்டுக்குள்ள ஹீற்றர் 20, 21 பாகையில ஓடும். இஞ்ச வாற பெரிய பஞ்சுப் போர்வைகளை நாங்களே பாதி இரவில உதைச்சுத் தள்ளுறம். மூன்று அடுக்கு நூல் சீலையும் மேலும் கீழும் துணியும் போதும்.

கைக்குவில்ற்றுக்கு எண்டு கட்டை ஊசி இருக்கு, பிற்வீன் எண்டு சொல்லுவினம். இலக்கம் கூடக் கூட ஊசி சின்னதாகும். நான் 9ம் 10ம் வாங்கி, விரலுக்குப் போடுற திம்பிளும் சேத்து அனுப்பிவிடுறன். அடுத்த கிழமை எங்கட பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்கு வருகினம். நூல் பருத்தி நூலாய் இருக்கட்டும். பொலியெஸ்டர் நூல் பழைய பருத்தியை அறுத்துப்போடும் எண்டு இஞ்ச குவில்ற் வகுப்பில சொல்லித் தந்தவை.

திருநெல்வேலி கணக்கு (யூன் 18)

ஒரு கணக்குப் போட்டுப் பாத்தன், தொடங்க முதல் தெரிஞ்சிருக்க வேணும். முழுத்துணியிலயும் ஒரு அங்குல இடைவெளியில டயமன்ட் கட்டம் போடுறீங்கள் எண்டு வைப்பம். பரப்பு 6480 சதுர அங்குலம். இரண்டு பக்கக் கோடும் சேர்ந்து 12,960 அங்குலம், அதாவது 360 யார். அங்குலத்துக்கு ஆறு தையல் எண்டால் கிட்டத்தட்ட 78,000 தையல். கை பழகினபிறகு ஒரு யாருக்கு 12 நிமிசம் எண்டாலும் 72 மணித்தியாலம். நடுக்கோலமும் கரையும் இதுக்கு மேல. ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் இருந்தால் வருசக் கடைசிக்குள்ள முடியும்.

கொக்குவில் மாமி (யூன் 22)

எல்லாருக்கும் நன்றி. ரீச்சர் சொன்னபடி மறைக்காமல் கேட்டிட்டன்.

அண்ணா தொலைபேசியில கன நேரம் கதைக்கேல்லை. பேந்து, "அந்தச் சீலை இன்னும் இருக்கோ" எண்டு மட்டும் கேட்டார். அண்ணி யோசிச்சா, தன்ர தாயிட்டயும் கேட்டுச் சொல்லுறன் எண்டா. அவை மறுத்திருந்தால் நான் விட்டிருப்பன்.

கடைசியில முடிவு சொன்னது எங்கட அம்மா. அப்பம்மாவோட 20 வருசம் ஒரே குசினியில சமைச்ச மருமகள். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாத நாளும் இருந்தது, அது எங்களுக்குத் தெரியும். அவ சொன்னா: "கொடிகாமத்தில உன்ர அண்ணனைப் போர்த்தின சீலை. அவன்ர பிள்ளையைப் போர்த்தினால் என்ன வரப்போகுது? புதுத்துணிக்கு வைக்கிற மாதிரி மூலையில மஞ்சள் வைச்சிட்டுத் தை." அண்ணியின்ர தாயும் மஞ்சள் வைச்சால் சரி எண்டிட்டாவாம்.

அரக்குத் துணி சாயம் விட்டுது ரீச்சர். மூன்று தரம் தோய்ச்சும் விட்டுக்கொண்டே இருந்தது. அதைத் தூக்கி வைச்சிட்டுக் கீழுக்கும் சந்தன நிறமே எடுத்தன். பெரியகடையில இரண்டு கடை ஏறி இறங்கித்தான் ஒரே சாயத்தில துணி கிடைச்சுது.

வடமராட்சி அன்ரி (யூன் 22)

தாய் சொன்னால் அதுக்கு மேல நான் ஒண்டும் சொல்லமாட்டன். மஞ்சளை நாலு மூலையிலயும் வையும்.

லண்டன் பேத்தி (யூன் 23)

கோலம் என்ன போடப்போறீங்கள் மாமி? மேல்துணி ஒரே நிறம் எண்டபடியால் வரைவுதான் எல்லாம். இங்கிலாந்தின்ர வடக்கில, அலன்டேல் பக்கத்தில, குவில்ற் துணியில வரைஞ்சு குடுக்கிறதையே தொழிலாய்ச் செய்த ஆக்கள் இருந்திருக்கினம். நீலப் பென்சிலால முழுத்துணியிலயும் கோடு போட்டு அனுப்புவினம், வாங்கின பெண்கள் வீட்டில இருந்து தைப்பினம்.

கொக்குவில் மாமி (யூன் 25)

நடுவுக்குச் சிக்குக் கோலம். அது வடிவுக்கு மட்டும் எடுத்த முடிவில்லை. சிக்குக் கோலத்தில கோடு முறியாமல் சுத்தி வந்து தொடங்கின இடத்திலயே சேரும். ஊசியும் அப்பிடியே முறியாமல் போகலாம், அடிக்கடி முடிச்சுப் போட்டு நூலை உள்ளுக்கு ஒளிக்கத் தேவையில்லை. புள்ளிக்குப் புள்ளி மூன்று அங்குலம் விட்டன். கரைக்கு மாங்காய். இடையில நிரப்புறதுக்குப் பனையோலைப் பெட்டியின்ர பின்னல் மாதிரிச் சாய்ந்த கட்டம். அம்மா பெட்டி இழைக்கிற ஆள், ஒரு பழைய பெட்டியைத் தந்து இதைப் பாத்து வரை எண்டா.

மனையியல் ரீச்சர் (யூன் 25)

நல்ல வடிவு. ஒண்டு மட்டும் கவனியுங்கோ: தையல் நெருக்கம் எல்லா இடத்திலயும் கிட்டத்தட்ட ஒரே அளவாய் இருக்கவேணும். நடுவில நெருக்கிக் கரையில விட்டால் நடு சுருங்கும், கரை அலை அலையாய் எழும்பும். தைச்சு முடியத் துணி எப்பிடியும் சுருங்கும், அதால மேல்துணியைச் சுத்திவர இரண்டு அங்குலமும் கீழ்த்துணியை நாலு அங்குலமும் கூட விட்டு வெட்டுங்கோ.

கொக்குவில் மாமி (யூலை 19)

ஒரு பிழை நடந்து போச்சு. இரண்டு நாளாய் நித்திரை இல்லை.

தண்ணியில அழியிற நீலப் பேனையால நாலு நாளாய்க் குந்தியிருந்து முழுக்க வரைஞ்சன். வரைஞ்சு முடியத் தெற்கு மூலையில ஒரு மடிப்பு நிண்டுது. யோசியாமல் அயன் பெட்டியை எடுத்து இரண்டு இழுவை இழுத்திட்டன். நீலக்கோடு மண்ணிறமாய் மாறிச்சுது. ஒரு சாண் அளவு இடம், ஒரு மாங்காயும் அதைச் சுத்தின கட்டமும். பச்சைத்தண்ணி வைச்சு ஒத்திப் பாத்தன். மற்ற இடத்து நீலம் போகுது, அந்த மண்ணிறம் போகேல்லை.

மனையியல் ரீச்சர் (யூலை 19)

அந்தப் பேனைக்குச் சூடுதான் எதிரி பிள்ளை. சூடு பட்டால் மை துணியில ஊறி நிண்டிடும். இனி அதை உரஞ்சவேண்டாம், மேல்துணி பஞ்சாகிவிடும். சவுக்காரமும் போடவேண்டாம், சவுக்காரம் பட்டாலும் சில மை மண்ணிறமாகி நிலைச்சுப்போகும். மிச்ச வரைவையும் யன்னல் வெய்யிலில விரிச்சு வைக்காதையுங்கோ. எங்கட ஆடி வெய்யில் அயன் பெட்டிக்குக் குறைஞ்சதில்லை.

செய்யக்கூடியது ஒண்டு இருக்கு. என்ன நிற நூல் வாங்கினீங்கள்?

கொக்குவில் மாமி (யூலை 19)

துணியின்ர அதே சந்தன நிறம்.

மனையியல் ரீச்சர் (யூலை 19)

துணியை விட ஒரு படி கடுமையான நூலாய் எடுத்து முழுக்க அதாலயே தையுங்கோ. பால் தேத்தண்ணி நிறம் சரியாய் வரும். மண்ணிறக் கோட்டுக்கு மேலாலேயே தையல் போகும். பள்ளத்தில விழுற நிழலும் நூலின்ர நிறமும் சேர அந்த மூலை மற்ற மூலையோட ஒத்துப்போகும்.

கொக்குவில் மாமி (ஓகஸ்ற் 11)

நூல் மாத்தினன். மூலையில முதல் தைச்சுப் பாத்தன். கிட்ட வைச்சுப் பாத்தால் எனக்குத் தெரியுது, ஏனெண்டால் எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியும். தம்பியின்ர மனிசியிட்ட எந்த மூலை எண்டு கேட்டன், பிழையாய்க் காட்டினா. அண்டைக்குத்தான் நித்திரை கொண்டன்.

இன்னொரு விசயம். வீட்டில எல்லாருக்கும் இதில கை வைக்க ஆசை. அம்மாவுக்கு 74, கண்ணில வெண்படலம் எடுத்தது. தம்பியின்ர மனிசி, அவையின்ர இரண்டு பெட்டையள், எதிர்வீட்டு ரீச்சர் அம்மா. ஒரே குவில்ற்றில இத்தனை கை சரிவருமோ?

மனையியல் ரீச்சர் (ஓகஸ்ற் 12)

கலந்து தைச்சால் தெரியும். ஒரு கோட்டில பாதி ஒருத்தர், பாதி இன்னொருத்தர் தைக்க விடாதையுங்கோ. ஒரு மாங்காய் முழுக்க ஒருத்தர், அடுத்த மாங்காய் அடுத்தவர். இடையில உள்ள கட்டம் முழுக்க நீங்களே தையுங்கோ, அப்ப கண் ஒரே சீராய்ப் போகும்.

பெரிய தையலை அன்புக்காக விட்டுவிடுங்கோ எண்டு சிலர் சொல்லுவினம். நான் சொல்லமாட்டன். அரை அங்குலத் தையல் கால்விரலில கொழுவும், மோதிரத்தில கொழுவும், அறும். அம்மாவுக்கு வேற வேலை இருக்கு. மூன்று அடுக்குச் சீலையையும் ஒண்டாய்ச் சேர்த்து, விலகாமல் இருக்க நூல் ஓட வேணும் தானே, கை அகலத்துக்கு ஒரு கோடாய். அதுக்குப் பெரிய தையல்தான் வேணும்.

கொக்குவில் மாமி (ஓகஸ்ற் 30)

அம்மா மூன்று நாளில நூலோடி முடிச்சா. ஹோலில பாய் விரிச்சு, சீலையை அதுக்கு மேல விரிச்சு, நடுவில இருந்து வெளியாலை நோக்கிப் போனா. நான் நூல் கோத்துக் கோத்துக் குடுக்க அவ குந்தியிருந்து தைச்சா. ஒரு இடத்தில சீலையில சின்னத் தீக்காயம், ஒரு கச்சான் கொட்டையளவு. அம்மா விரலை அதில வைச்சு, இது உரும்பிராயில பால் பொங்கேக்க பட்டது எண்டா. வருசமும் சொன்னா. நான் அதை வெட்டி எடுக்கேல்லை.

மேல்துணியும் கீழ்த்துணியும் வைச்சு நான் ஓடின நூலைக் கடைசியில உருவ வேணும். அம்மா ஓடினது உள்ளுக்குச் சீலைகளை மட்டும் பிடிச்சுக்கொண்டிருக்கு. அதை உருவத் தேவையில்லை, அப்பிடியே இருக்கும்.

மஞ்சள் நாலு மூலையிலயும் வைச்சாச்சு, வடமராட்சி அன்ரி. காய்ஞ்சபிறகு மூடினன்.

ரொறன்ரோ அக்கா (செப்ரெம்பர் 2)

வாசிக்கேக்க நெஞ்சு அடைச்சுது தங்கச்சி. ஊசி வந்து சேர்ந்ததோ? நூலைத் தேன்மெழுகில ஒருக்கா இழுத்திட்டுத் தையும், முறுக்கி முடிச்சு விழாது. கை நீளத்துக்கு மேல நூல் எடுக்காதையும்.

கொக்குவில் மாமி (ஒக்ரோபர் 21)

ஊசி வந்தது அக்கா. முதல் நாள் அந்தக் கட்டை ஊசியைப் பிடிக்கவே தெரியேல்லை. இப்ப நீள ஊசியைத் தொட மனமில்லை. மேல் கையால ஊசியைக் குத்தென நிமித்தி, கீழ் விரலில நுனி பட்டதும் சாய்ச்சு மேல கொண்டு வந்து, நாலு தையலைச் சேத்து ஒரே இழுவை. கீழ் விரல் நுனி முழுக்கப் பொறி பொறியாய்க் குத்து. அதில சின்னத் துண்டு பிளாஸ்ரர் ஒட்டினன். ஒருநாள் ஒரு பொட்டு இரத்தம் துணியில பட்டுட்டுது. எச்சில் தொட்டு ஒத்தினன், போயிட்டுது. எங்கட மாமிமார் சொல்லித் தந்த வழிதான்.

பெட்டையள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு மாங்காய் முடிச்சிட்டினம். சின்னவளின்ரதை இரண்டு தரம் அவிழ்த்துத் தைக்க வைச்சன். அழுதாள், ஆனா மூன்றாந்தரம் தைச்சதைத் தானே எல்லாருக்கும் காட்டித் திரியிறாள்.

திருநெல்வேலி கணக்கு (ஒக்ரோபர் 22)

எத்தனை மணித்தியாலம் போச்சுது?

கொக்குவில் மாமி (ஒக்ரோபர் 22)

கொப்பியில எழுதி வாறன். நடுக்கோலம் 31 மணித்தியாலம். கட்டம் பாதிக்கு மேல முடிஞ்சுது, 44. நீங்கள் சொன்ன 72ஐக் கொஞ்சம் தாண்டும்.

கொக்குவில் மாமி (டிசம்பர் 20)

முடிஞ்சுது. கரைப் பட்டி தைச்சு, நூலோடினதை உருவி, நாலு நாளுக்கு முதல் நனைச்சன்.

எங்கட கிணத்துத் தண்ணியில நனைக்கப் பயமாய் இருந்தது. யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல்லுக்கு மேல இருக்கிற ஊர், தண்ணியில சவுக்காரம் நுரைக்காது, வெள்ளை உடுப்பு நாளடைவில பழுத்துப்போகும். மாரி மழைக்கு முத்தத்தில இரண்டு பெரிய வாளியும் ஒரு குழந்தைகள் குளிக்கிற தொட்டியும் வைச்சுப் பிடிச்ச தண்ணியிலதான் நனைச்சன். சவுக்காரம் ஒண்டும் போடேல்லை. முதல் தண்ணி வெளிர் நீலமாய் வந்தது. மூன்றாந்தண்ணி தெளிஞ்சுது. பிழிய விடேல்லை, நாங்கள் நாலு பேர் பாயில போட்டுச் சுருட்டி அமத்தித் தண்ணி எடுத்தம். வெளியில மழை எண்டபடியால் கட்டிலில விரிச்சு, மின்விசிறி போட்டு மூன்று நாள்.

காயக் காயத்தான் அது குவில்ற் ஆச்சு. நனைக்க முதல் தட்டையாய் ஒரு துணி மாதிரி இருந்தது. காய்ஞ்சு கொஞ்சம் சுருங்க, ஒவ்வொரு கட்டமும் சோளப் பொரி மாதிரி மேல எழும்பிச்சுது. இரவு லைற்றைப் பக்கவாட்டில பிடிச்சால் சிக்குக்கோலம் முழுக்க நிழலால எழுதின மாதிரித் தெரியும். நேர லைற்றில பாதி மறைஞ்சுபோகும். அளவு இப்ப 70க்கு 87.

மனையியல் ரீச்சர் (டிசம்பர் 20)

அனுப்ப முதல் பின்பக்கம் ஒரு சின்ன வெள்ளைத்துணியில தைச்சவர்களின்ர பேரும் வருசமும் எழுதித் தைச்சுவிடுங்கோ. எப்பிடித் தோய்க்கிறது எண்டும் எழுதுங்கோ. கனடாவில மெசினுக்குள்ள சுடுதண்ணியில போட்டால் உள்ளுக்கிருக்கிற பழஞ்சீலை தாங்காது.

கொக்குவில் மாமி (டிசம்பர் 23)

எழுதித் தைச்சாச்சு ரீச்சர். ஆறு பேரின்ர பேர். அம்மா அப்பம்மாவின்ர பேரை முதல் போடச் சொன்னா, அதால ஏழு. அதுக்குக் கீழ: பச்சைத்தண்ணி, மெதுவான சுழற்சி, சூட்டில காயவைக்கவேண்டாம், அயன் பண்ணவேண்டாம்.

வேப்பிலை ஒரு பிடி உலர்த்தித் துணியில முடிஞ்சு பெட்டிக்குள்ள வைப்பம் எண்டா அம்மா. இலை தழை அங்க விமான நிலையத்தில பிரச்சினையாகும் எண்டு அண்ணா சொன்னதால எடுத்திட்டன். தைக்குப் பிறகு தம்பியின்ர சிநேகிதர் கையோட கொண்டு போறார். நிறுத்துப் பாத்தம், ஒரு கிலோ 900 கிராம்.